பழைய ரேஞ்ச் ரோவர் கிளாசிக்: உட்புறத்தைப் பார்த்து வாங்குவது எப்படி, புதுப்பிப்பது எப்படி

பழைய ரேஞ்ச் ரோவர் வாங்க நினைப்பவர்கள் எஞ்சின், கியர்பாக்ஸ், சேஸிஸ் எல்லாவற்றையும் துருவித் துருவி விசாரிப்பார்கள். கடைசியில் ஒரு தடவை சீட்டில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "உள்ளே கொஞ்சம் வேலை இருக்கு, அப்புறம் பார்த்துக்கலாம்" என்று முடித்துவிடுவார்கள். பணத்தை விழுங்குவது அந்தக் "கொஞ்சம் வேலை"தான். ரோவர் வி8 எஞ்சினுக்கு இன்றும் பாகங்கள் தாராளமாகக் கிடைக்கின்றன. அதைப் பிரித்துச் சேர்க்கத் தெரிந்த மெக்கானிக்குகளும் இருக்கிறார்கள். உட்புறத்துக்கு அந்த வசதி இல்லை. எங்கே திருகு ஒளிந்திருக்கிறது, எந்தக் கிளிப்பை எந்தப் பக்கம் தள்ள வேண்டும் என்பதெல்லாம் ஒருமுறை கழற்றிப் பார்த்தவருக்குத்தான் தெரியும்.

1980-களின் பிற்பகுதியில் வந்த நான்கு கதவு வண்டி ஒன்றை வாங்கி, உள்ளே இருந்த அத்தனையையும் வெளியே எடுத்துத் திரும்ப மாட்டியவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். மேலே படிப்பதற்கு முன் ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். தோல் கிழிந்த வண்டியைத் தைரியமாக வாங்கலாம். பிளாஸ்டிக் உடைந்த வண்டி என்றால் யோசிக்க வேண்டும். கார்பெட் நனைந்திருக்கும் வண்டியை, அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் தொடவே கூடாது.

1. எந்தக் காலத்து உட்புறம் வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

இந்த வண்டி 1970-இல் தொடங்கி 1996 தொடக்கம் வரை ஓடிய மாடல். வெளியே பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத் தெரியும். உள்ளே அப்படி இல்லை. ஒரு காலத்து வண்டியின் பாகம் இன்னொரு காலத்து வண்டிக்குப் பொருந்தாது என்பது பொது விதி.

ஆரம்பகால இரண்டு கதவு வண்டிகளில் சீட் வினைல், டேஷ்போர்டு வெறும் பிளாஸ்டிக். தண்ணீர் ஊற்றிக் கழுவலாம் என்ற எண்ணத்தில் செய்தவை. அதில் போய் ஆடம்பரத் தோலையும் மரத்தையும் மாட்டினால் வண்டியின் மதிப்பு கூடாது, குறையும். அந்தக் காலத்துக்கே உரிய பாலொமினோ என்ற மணல்நிற வினைல்தான் அதற்கு அழகு. தொழிற்சாலையிலிருந்தே நான்கு கதவுடன் வந்தவை 1981 முதல். 1980-களின் நடுவிலிருந்து வோக் என்ற ஆடம்பர ரகங்களில் வால்நட் மரப்பட்டை (வெனீர் எனும் மெல்லிய மரத்தகடு), தடித்த கார்பெட், பின்னர் மின்சார சீட், தோல் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. 1992-இல் வந்த எல்எஸ்இ ரகம் சக்கர இடைவெளியில் 100 அங்குலத்திலிருந்து 108 அங்குலமாக நீண்டது. பின்சீட்டில் உட்காருபவர் நீங்கள் என்றால் அதைத் தேடுங்கள். ஆனால் நீண்ட பின்கதவின் உள்டிரிம்மும் பின்தரை கார்பெட்டும் அந்த ரகத்துக்கே தனி. அவை குறைந்த எண்ணிக்கையில் வந்ததால் தேடலும் நீளும்.

1994-இல் டேஷ்போர்டு முழுவதும் மாறியது. மென்மையான மேற்பரப்பு, இரண்டு ஏர்பேக். இதை "சாஃப்ட் டேஷ்" என்பார்கள். உட்கார்ந்து ஓட்ட இதுதான் வசதி என்பது என் கருத்து. ஆனால் பழைய வண்டியை வாங்கி அதில் சாஃப்ட் டேஷ் மாட்டிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொண்டு நகர்ந்துவிடுங்கள். ஹீட்டர் பெட்டி, வயரிங், ஸ்டீயரிங் கம்பம் வரை எல்லாம் வேறு. புது டேஷ் வேண்டுமென்றால் அந்த ஆண்டு வண்டியையே வாங்குவதுதான் மலிவு.

இரண்டு கதவு வண்டி வாங்குபவர்களுக்குத் தனி எச்சரிக்கை: அதில் முன்சீட் பெல்ட் சீட்டோடு இணைந்தது. வேறு வண்டியின் வசதியான சீட்டைத் தூக்கி அங்கே வைத்தால் பெல்ட்டுக்குப் பிடிமானமே இல்லாமல் போகும். இதைத் தெரியாமல் சீட் மாற்றிய வண்டிகள் விற்பனைக்கு வருவதுண்டு. பெல்ட் எங்கே மாட்டியிருக்கிறது என்று குனிந்து பாருங்கள்.

2. காகிதங்கள்

பதிவுச் சான்றில் உள்ள சேஸிஸ் எண்ணும் வண்டியில் பொறித்திருக்கும் எண்ணும் ஒன்றா என்று பார்ப்பதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. உட்புறத்துக்கு என்று பார்க்க வேண்டியவை வேறு சில. பதிவில் எத்தனை இருக்கை என்று எழுதியிருக்கிறது? வண்டியில் எத்தனை இருக்கிறது? டிக்கியில் கூடுதல் சீட் போட்டவர்கள், பின்சீட்டை எடுத்துவிட்டுச் சரக்கு வண்டியாக மாற்றியவர்கள் உண்டு. எண்ணிக்கை பொருந்தாவிட்டால் தகுதிச் சோதனையிலும் காப்பீட்டிலும் சிக்கல். அதைச் சரிசெய்வது விற்பவரின் பொறுப்பு என்று எழுத்தில் வாங்குங்கள்.

அசல் நிறம், தயாரான தேதி, எந்தச் சந்தைக்கு அனுப்பப்பட்டது போன்ற விவரங்களுக்கு இங்கிலாந்தில் கெய்டனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகத்தின் ஆவணக் காப்பகத்தில் பாரம்பரியச் சான்று கேட்டு வாங்கலாம். சேஸிஸ் எண்ணைக் கொடுத்து விண்ணப்பிக்க வேண்டும், கட்டணம் உண்டு. முன்பணம் கொடுத்த அன்றே விண்ணப்பித்துவிடுங்கள். தோலின் நிறத்தைத் தேர்வு செய்யும் நாளில் அது கையில் இருந்தால் பல வாக்குவாதங்கள் மிச்சமாகும்.

பழைய பில்களில் இரண்டைத் தேடுங்கள். ஒன்று முன்கண்ணாடி மாற்றிய பில், இன்னொன்று வெல்டிங் பில். கண்ணாடி மாற்றியிருந்தால் அந்த ஓரங்களில் நீர் இறங்கியதா என்று கூடுதலாகப் பார்க்க வேண்டும். வெல்டிங் செய்திருந்தால் எங்கே என்று கேளுங்கள். "தரையில் கொஞ்சம்" என்ற பதில் போதாது, படம் இருந்தால் காட்டச் சொல்லுங்கள்.

3. நேரில் பார்க்கும் நாள்: மூக்கு, உள்ளங்கை, டார்ச்

கதவைத் திறந்ததும் சீட்டைப் பார்க்காதீர்கள். முதலில் மோந்து பாருங்கள். வாசனைத் திரவியம் அடித்து வைத்திருந்தால் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு வண்டியை வெயிலில் அரை மணி நேரம் விடச் சொல்லுங்கள். பூஞ்சை வாடை அடித்தால் கார்பெட் அடியில் ஈரம் இருக்கிறது. இனிப்பு கலந்த சூடான வாடையும், முன்கண்ணாடியின் உள்பக்கம் எண்ணெய்ப் படலம் மாதிரி மங்கலும் இருந்தால் ஹீட்டர் கோரிலிருந்து (உள்ளே சூடான காற்று தரும் சிறு ரேடியேட்டர்) கூலண்ட் கசிகிறது. அதை மாற்ற டேஷ்போர்டைக் கழற்ற வேண்டியிருக்கும். பாகம் மலிவு, கூலிதான் கனமாக இருக்கும்.

அப்புறம் உள்ளங்கையை வையுங்கள். முன்பக்கக் கால் வைக்கும் இடத்தில், கார்பெட் பக்கச் சுவரில் ஏறும் மூலையில் நன்றாக அழுத்துங்கள். மேலே காய்ந்திருக்கும், அழுத்தினால் விரல்களுக்கு நடுவே குளிர்ச்சி ஏறும். அடியில் இருக்கும் பஞ்சு போன்ற ஒலித்தடுப்பு தண்ணீரைக் குடித்துவிட்டு மாதக்கணக்கில் வைத்திருக்கும். விற்பவர் அனுமதித்தால் கதவோரப் பட்டையை எடுத்துவிட்டுக் கார்பெட்டின் ஓரத்தைத் தூக்கி டார்ச் அடியுங்கள். பழுப்புத் தூள் படிந்திருந்தால் மேல்துரு. இரும்பு அடுக்கடுக்காக உரிந்து, திருகுத் திருப்பியின் கைப்பிடியால் தட்டும்போது மொத்தையாகச் சத்தம் வந்தால் அந்தத் தரை வெல்டிங்குக்குப் போக வேண்டியதுதான். அனுமதிக்காவிட்டால் அதுவும் ஒரு பதில்தான்.

இந்த வண்டியின் வெளித் தகடுகள் பெரும்பாலும் அலுமினியம், உள்கூடு இரும்பு. இரண்டும் சேரும் இடத்தில் ஈரம் தங்கினால் அரிப்பு வேகமாகப் போகும். வெளியே பளபளவென்று இருக்கும் வண்டி உள்ளே அழுகியிருப்பது இதனால்தான். முன்பக்கக் கால்தரை, கதவுக்குக் கீழே நீளும் சில் என்ற சட்டம், பின்சீட் பெல்ட் மாட்டியிருக்கும் இடம், டிக்கியின் பின்ஓரக் குறுக்குச் சட்டம், மேல் பின்கதவின் இரும்புச் சட்டம் ஆகியவற்றைக் கண்டிப்பாகப் பாருங்கள். பெல்ட் பிடிமானம் அழுகியிருந்தால் அது உட்புற வேலைக் கணக்கில் வராது. பாதுகாப்புப் பிரச்சினை என்று வைத்து விலையைப் பேசுங்கள்.

சன்ரூஃப் இருக்கிறதா? அதன் நான்கு மூலை வடிகுழாய்களும் அடைபட்டிருக்க வாய்ப்பு அதிகம். ஒரு சிறு குப்பித் தண்ணீரைச் சன்ரூஃப் பள்ளத்தில் மெதுவாக ஊற்றுங்கள். வண்டிக்கு அடியில் சொட்ட வேண்டும். சொட்டாமல் தண்ணீர் தேங்கினாலோ, தூணின் டிரிம் வழியாக உள்ளே இறங்கினாலோ கார்பெட் ஏன் நனைகிறது என்று தெரிந்துவிடும். ஏசி ஆவியாக்கியின் வடிகுழாய் அடைத்தாலும் இதே கதைதான். இவையெல்லாம் சின்ன வேலைகள். ஆனால் எத்தனை வருடமாக அப்படியே விட்டார்கள் என்பதில்தான் தரையின் தலையெழுத்து இருக்கிறது.

எரிபொருள் இன்ஜெக்‌ஷன் உள்ள பல வண்டிகளில் எஞ்சின் கட்டுப்பாட்டுப் பெட்டி முன்சீட்டுக்கு அடியில் இருக்கும். மின்சார சீட்டின் ரிலேக்களும் அங்கேதான். சீட்டை முன்னும் பின்னும் ஓட்டி, கீழே குனிந்து இணைப்பான்களில் பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். எல்லாச் சுவிட்சையும் ஒவ்வொன்றாக அழுத்துங்கள்: கண்ணாடி ஏற்றி, கதவுப் பூட்டு, சீட்டின் ஒவ்வொரு அசைவும். பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொண்டு எழுதிக்கொண்டே போவது நல்லது.

4. கிடைக்காத பாகங்களை எண்ணுங்கள்

இதுதான் பேரத்தின் மையம். ஒரு தாளில் இரண்டு பத்தி போடுங்கள். காசு கொடுத்தால் புதிதாகச் செய்யக்கூடியவை ஒருபக்கம்: சீட் தோல், ஃபோம், கார்பெட், கூரைத் துணி, ஒலித்தடுப்பு, மரப்பட்டையின் மெருகு. தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியவை இன்னொருபக்கம்: தூண்களை மூடும் பிளாஸ்டிக், டேஷ்போர்டின் மேல்வார்ப்பு, வேகமானி முதலிய அளவிகள் இருக்கும் பெட்டகத்தின் மூடி, காற்றுக் குழல் வாய்கள், நடுக் கன்சோல், சுவிட்சுகள், டிக்கியின் பக்கப் பலகைகள், சீட்டின் பக்கவாட்டுப் பிளாஸ்டிக் உறைகள்.

இரண்டாவது பத்தியில் விரிசல் எவை, காணாமல் போனவை எவை என்று குறியுங்கள். ஓரிரண்டு என்றால் பழைய வண்டி உடைப்பவர்களிடம் கிடைக்கும். பத்தைத் தாண்டினால் இன்னொரு முழு வண்டியின் உட்புறத்தையே வாங்கும் நிலைக்கு வந்துவிடுவீர்கள். சீட் பளபளவென்று புதுத் தோலுடன் இருந்து, பக்கத்தில் கன்சோல் மூடி ஒட்டுப் பசையுடன் நின்றால், விற்பதற்காகவே ஒப்பனை செய்த வண்டி என்று அர்த்தம். எனக்கு இந்த மாதிரி வண்டியைவிட, வெடித்த பழைய தோலும் முழுசாக இருக்கும் பிளாஸ்டிக்கும் கொண்ட வண்டிதான் எப்போதும் மேல்.

5. செலவும் காலமும்

விலைகள் இடத்துக்கு இடம் மாறும் என்பதால் விகிதமாகச் சொல்கிறேன். முழு உட்புற வேலையில் பெரிய தொகை சீட்டுக்குப் போகும். அதில் தோலும் கூலியும் ஏறக்குறைய சமமாக நிற்கும். அடுத்து கார்பெட் செட். கூரைத் துணி பொருளளவில் மலிவு, கழற்றி மாட்டும் நேரம்தான் செலவு. மரவேலை, துண்டுகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. துரு வேலைக்கு யாராலும் முன்கூட்டி விலை சொல்ல முடியாது. கார்பெட்டைத் தூக்கிய பிறகுதான் தெரியும். அதனால் மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தனியே எடுத்து வையுங்கள். அந்தப் பணத்தைத் தொட வேண்டி வராவிட்டால் நல்ல ஸ்பீக்கர் வாங்கிக்கொள்ளலாம்.

முழு செட் சீட்டுக்கு நல்ல குஷன் வேலைக்காரர் மூன்று நான்கு வாரமாவது கேட்பார். ஒரு வாரத்தில் தருகிறேன் என்பவரிடம் முந்தைய வேலையைக் காட்டச் சொல்லுங்கள். கார்பெட் செட் சொல்லி வைத்துச் செய்வது, அதற்கும் வாரக்கணக்கு. ஆகவே கழற்றிய பிறகு ஆர்டர் கொடுக்காதீர்கள். நிறம் முடிவானதும் தோலையும் கார்பெட்டையும் சொல்லிவிட்டு, அவை வரும்வரை தரை வேலையைப் பாருங்கள். கார்பெட் சொல்லும்போது ஸ்டீயரிங் இடமா வலமா, கியர் மேனுவலா ஆட்டோமேட்டிக்கா, ஆண்டு எது என்ற மூன்றையும் எழுதிக் கொடுங்கள். கியர் மேட்டின் வடிவம் மாறினால் செட்டே பயனற்றது.

பணத்தை மூன்றாகப் பிரித்துக் கொடுங்கள்: பொருளுக்கு முன்பணம், தைத்ததைப் பார்த்ததும் ஒரு பங்கு, வண்டியில் மாட்டி உட்கார்ந்து பார்த்த பிறகு மீதி. எல்லாவற்றுக்கும் முன் ஒரே ஒரு ஹெட்ரெஸ்ட்டை மட்டும் தைத்துத் தரச் சொல்லுங்கள். வளைவுகளில் தையல் எப்படித் திரும்புகிறது, மூலையில் சுருக்கம் விழுகிறதா என்பது அந்தச் சின்னத் துண்டிலேயே தெரிந்துவிடும். பிடிக்காவிட்டால் நஷ்டமும் சின்னது.

6. கழற்றுவது

பேட்டரி இணைப்பை எடுத்த பிறகுதான் முதல் திருகு. ரேடியோவுக்கு ரகசிய எண் இருந்தால் அதை முதலில் எழுதி வையுங்கள். சாஃப்ட் டேஷ் வண்டி என்றால் ஏர்பேக்கைத் தெரிந்த மெக்கானிக்கிடம் விடுங்கள். பேட்டரியை எடுத்த பிறகும் அந்த அமைப்பில் சிறிது நேரம் மின்னூட்டம் தங்கும். எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பதைப் பட்டறைக் கையேட்டில் பார்த்துக்கொண்டு செய்ய வேண்டிய வேலை. மல்டிமீட்டரை ஏர்பேக் இணைப்பானில் வைத்துப் பார்க்கும் ஆசை யாருக்கும் வரக்கூடாது.

முப்பது வருடம் வெயில் கண்ட பிளாஸ்டிக் அப்பளம்போல நொறுங்கும். குளிர்ந்த நேரத்தில் தொடாதீர்கள். ஹேர் ட்ரையரால் இளஞ்சூடாக்கி, பிளாஸ்டிக் நெம்பியால் கிளிப்புக்குப் பக்கத்திலேயே நெம்ப வேண்டும்; நடுவில் பிடித்து இழுத்தால் பலகை உடையும், கிளிப் அப்படியே நிற்கும். கிளிப்புகளைப் புதிதாக ஒரு பை நிறைய முன்கூட்டியே வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பாகத்தின் திருகுகளும் தனிப் பையில், மேலே பெயர். கழற்றுவதற்கு முன்னும் பின்னும் படம். கதவுப் பலகைக்குப் பின்னால் பாலித்தீன் தாள் ஒன்று ஒட்டியிருக்கும். பார்க்க அழுக்காக இருக்கும், பலரும் கிழித்து எறிந்துவிடுவார்கள். கண்ணாடி வழியாக இறங்கும் மழைநீர் பலகையை நனைக்காமல் காப்பது அதுதான். புதுத் தாள் வெட்டி அதே இடத்தில் ஒட்டாவிட்டால் புதுப் பலகையும் ஊறி வீங்கும்.

டேஷ்போர்டைக் கழற்ற நேர்ந்தால் ஹீட்டர் கோர், அதன் குழாய்கள், காற்றூதி மோட்டார் மூன்றையும் அப்போதே பார்த்துவிடுங்கள். இரண்டாம் முறை கழற்றும்போது பிளாஸ்டிக் உடையும் வாய்ப்பு இன்னும் அதிகம்.

7. தரை, வயரிங், ஒலித்தடுப்பு

தரையைச் சுரண்டி, வெல்டிங் முடித்து, துருத்தடுப்பு பிரைமரும் பெயிண்ட்டும் அடித்துக் காய்ந்த பிறகு, வெறும் தரையோடு வண்டியை ஒரு நல்ல மழையில் நிறுத்துங்கள், அல்லது ஹோஸ் பைப்பால் கூரை முதல் கீழ்நோக்கி நனையுங்கள். ஒருவர் உள்ளே டார்ச்சுடன் உட்கார வேண்டும். எங்கே சொட்டுகிறது என்று இந்த நிலையில் கண்டுபிடிப்பது எளிது. கார்பெட் போட்ட பிறகு தண்ணீர் எங்கிருந்தோ வந்து எங்கேயோ தேங்கும். கசிவு நிற்கும்வரை அடுத்த வேலைக்குப் போக வேண்டாம். இந்தக் கட்டத்தில்தான் எல்லோருக்கும் அவசரம் வரும், தோல் தயாராகிவிட்டது என்று குஷன்காரரும் கூப்பிடுவார். காத்திருக்கட்டும்.

ஸ்பீக்கர் வயர், சார்ஜர் வயர், கேமரா வயர் எது வேண்டுமானாலும் இப்போதே ஓட்டிவிடுங்கள். புதிதாகச் சேர்க்கும் ஒவ்வொன்றுக்கும் தனி ஃப்யூஸ். கதவு கீல் அருகே வளையும் வயர்களின் உறையை விரலால் வளைத்துப் பாருங்கள், வெடித்திருந்தால் மாற்றுங்கள்.

ஒலித்தடுப்புக்கு அலுமினியத் தாள் முகமுள்ள பியூட்டைல் (ஒட்டும் ரப்பர்) ஷீட் போதும். தரை முழுவதையும் மூடத் தேவையில்லை. பெரிய சமதள பரப்பின் நடுவில் கால் பங்கு ஒட்டினாலே அதிர்வு பெருமளவு அடங்கும். முழுக்க ஒட்டினால் எடைதான் கூடும். அதன் மேல் நீர் குடிக்காத மூடிய செல் ஃபோம். சணல், பஞ்சு வகைகள் மலிவு, ஆனால் அவைதான் பழைய தரையை அழித்தவை. தரையின் வடிதுளைகளையும் மூடிகளையும் ஒட்டி மறைக்காதீர்கள். கியர்பாக்ஸ் மேட்டில் சூடு ஏறும். அங்கே வெப்பம் தாங்கும் என்று குறிப்பிட்ட ஷீட் மட்டும்.

8. கூரைத் துணி

இந்த வண்டிகளில் கூரைத் துணி தொங்கிப் போய்க் குண்டூசி குத்தி நிற்பது வழக்கமான காட்சி. துணிக்குப் பின்னால் இருக்கும் மெல்லிய ஃபோம் பொடியாகிவிடுவதால்தான் தொங்குகிறது. ஊசி போட்டுப் பசை ஏற்றினாலும் நிற்காது. ஒட்டிப் பிடிக்க அங்கே ஒன்றும் மிச்சமில்லை.

கூரைப் பலகையைப் பின்கதவு வழியாக வெளியே எடுக்க வேண்டும். இரண்டு பேர் வேண்டும், நடுவில் மடக்கக்கூடாது. துணியை உரித்தால் ஆரஞ்சு நிறப் பொடி தலை முதல் கால்வரை கொட்டும். முகமூடி போட்டுக்கொண்டு நைலான் பிரஷ்ஷால் பலகை தெரியும்வரை தேயுங்கள். இதில் சோம்பினால் புதுத் துணியும் அந்தப் பொடியோடு சேர்ந்து உரிந்துவிடும். புதுத் துணி ஃபோம் ஒட்டியே வரும்; வெறும் துணி வாங்காதீர்கள், பலகையின் ஒவ்வொரு மேடுபள்ளமும் தெரியும். பசை, கார் கூரைக்கென்றே வரும் அதிக வெப்பம் தாங்கும் ரகம். சாதாரண ஸ்பிரே பசை முதல் கோடையிலேயே கைவிடும். பலகை, துணி இரண்டிலும் அடித்து, தொட்டால் ஒட்டும் ஆனால் கையோடு வராது என்ற பதம் வந்ததும் நடுவிலிருந்து ஓரத்துக்கு உள்ளங்கையால் தேய்த்துக்கொண்டே போக வேண்டும். மழை நாளில் செய்யாதீர்கள். ஈரக் காற்றில் பசை பூத்துப் பிடிக்காது. ஒரு முழு நாள் காயட்டும்.

9. சீட்

முதலில் தோலை மாற்றத்தான் வேண்டுமா என்று பாருங்கள். இந்தக் காலத்துத் தோலில் நிறம் மேற்பூச்சாகத்தான் இருக்கும். நிறம் தேய்ந்து, மெல்லிய விரிசல்கள் மட்டும் இருந்து, தையல் பிரியாமல் இருந்தால் சுத்தம் செய்து, விரிசலை நிரப்பி, மறுபடி நிறம் பூசினால் போதும். புதுத் தோலுக்கு ஆகும் செலவில் சிறு பங்குதான். தோலைக் கட்டைவிரலால் மடித்துப் பாருங்கள். அட்டைமாதிரி மடிந்து ஓரத்தில் நார் தெரிந்தால் அது செத்த தோல், பூசிப் பயனில்லை.

புதுத் தோல் என்றால், வண்டிக்கென்று பதப்படுத்தியதைக் கேளுங்கள். சோபாத் தோல் தொட்டால் இதமாக இருக்கும், ஆனால் வெயிலும் ஏறி இறங்கும் உரசலும் அதற்குத் தாங்காது. ஒரு முழு மாட்டுத் தோல் சுமார் 50 சதுர அடி வரும். தழும்பு, ஓரம் என்று கணிசமாகக் கழியும். ஐந்து சீட்டுக்கும் கதவுப் பகுதிகளுக்கும் நான்கு, சில நேரம் ஐந்து தோல் பிடிக்கும். எல்லாம் ஒரே சாயத் தொகுதியா என்று எழுதி வாங்குங்கள். கூடவே அரைத்தோல் மிச்சம் வைத்துக்கொண்டால் பின்னாளில் ஒரு பலகை கிழிந்தாலும் நிறம் பொருந்தும். உட்காரும் பகுதிக்கு மாட்டின் முதுகுப் பகுதித் தோல் வர வேண்டும். வயிற்றுப் பகுதி இழுபடும். அதில் தைத்த சீட் சீக்கிரமே சுருக்கம் விழுந்து தொளதொளவென்று ஆகிவிடும். வெட்டும் முன் குஷன்காரரோடு தோலை விரித்துச் சாக்கட்டியால் குறித்துவிடுங்கள்.

தோல், துணி, ஃபோம் எதை வாங்கினாலும் தீப்பரவல் சோதனைச் சான்று கேளுங்கள். அமெரிக்க எஃப்எம்விஎஸ்எஸ் 302 விதிப்படி நிமிடத்துக்கு 102 மில்லிமீட்டருக்கு மேல் தீ பரவக்கூடாது. விற்பவருக்கு இந்த எண் தெரியாவிட்டால் அவர் விற்பது வீட்டுத் திரைச்சீலைக்கானது என்று வைத்துக்கொள்ளலாம்.

பழைய உறையைப் பிரிக்கும்போது நீங்கள் பக்கத்தில் இருங்கள். உறைக்குள் ஓடும் மெல்லிய கம்பிகள், கொக்கி வளையங்கள், ஓரப் பட்டைகள் எல்லாம் திரும்ப வேண்டியவை. நான் கொடுத்த பட்டறையில் அளவு எடுத்ததும் பழைய உறையைக் குப்பையில் போட்டுவிட்டார்கள், கம்பிகளும் அதோடு போயின. புதுக் கம்பியை வளைத்துப் போட்டார்கள். முதுகுச் சாய்மானத்தின் நடுக்கோடு இன்றும் கொஞ்சம் வளைந்துதான் நிற்கிறது. வேலை முடிந்து நீங்கள் பார்க்கும்வரை பழையது ஒன்றையும் எறியக்கூடாது என்று முதலிலேயே சொல்லுங்கள்.

உறையை எடுத்ததும் ஃபோமை அழுத்துங்கள். மஞ்சள் தூள் உதிர்ந்தால் மாற்ற வேண்டும். அச்சில் வார்த்த ஃபோம் கிடைத்தால் அதுவே நல்லது. கிடைக்காவிட்டால் பழையதை அச்சாக வைத்து, அடர்த்தி கூடிய ஃபோமை அடியிலும் மிதமானதை மேலேயும் அடுக்கச் செதுக்கச் சொல்லுங்கள். ஃபோமைத் தாங்கும் ரப்பர் விரிப்பு, பட்டை, ஸ்பிரிங் எது இருந்தாலும் இப்போதே மாற்றுங்கள். புதுத் தோல் போட்டும் ஒருபக்கம் சாய்ந்து உட்கார வைக்கும் சீட்டுக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். இரும்புச் சட்டத்தில் விரிசல் இருக்கிறதா என்று பார்த்து, துரு நீக்கிப் பெயிண்ட் அடித்து, சீட் நகரும் தண்டவாளத்துக்கு கிரீஸ் போடுங்கள்.

தையலில் இரண்டே விஷயம். நூல், பிணைத்த பாலியெஸ்டர். வெயிலுக்கு நைலானைவிட அது தாங்கும். ஊசிக் குத்துகள் மிக நெருக்கமாக இருந்தால் தோல் அந்தக் கோட்டிலேயே கிழியும். பழைய உறையில் ஓர் அங்குலத்துக்கு எத்தனை தையல் என்று எண்ணி அதே கணக்கில் போடச் சொல்லுங்கள். வைர வடிவத் தையல், முரண் நிற நூல் என்று ஆசை காட்டுவார்கள். விற்கும் எண்ணம் எப்போதாவது வரும் என்றால் அசல் மடிப்புக் கோடுகளையே வைத்திருங்கள்.

10. மரம், ஆடியோ, திரும்ப மாட்டுதல்

மரப்பட்டைத் துண்டுகளில் மெருகு மட்டும் வெடித்திருந்தால் அதை நீக்கி மறுமெருகு போடலாம். எல்லாத் துண்டையும் ஒரே கையில், ஒரே நேரத்தில் கொடுங்கள். ஒன்றை மட்டும் செய்தால் மற்றவை வெளிறித் தெரியும். ஆடியோவுக்கு டேஷை வெட்டாதீர்கள். பழைய தோற்றத்தில் புளூடூத் உள்ள ஒற்றை அளவு ரேடியோக்கள் வருகின்றன. பெரிய திரைக்காக வெட்டிய டேஷை ஒட்ட வைக்க முடியாது, அது நான்காம் படியின் இரண்டாவது பத்திப் பொருள்.

மாட்டும் வரிசை: கூரை, தூண் டிரிம்கள், டேஷ், கார்பெட், கன்சோல், கதவுப் பலகை, கடைசியில் சீட். கார்பெட்டில் சீட் போல்ட்டுக்கும் பெல்ட் போல்ட்டுக்கும் ஓட்டையைக் கத்தியால் சிறு சிலுவையாகக் கீறுங்கள். துளைக்கருவி இழையைச் சுற்றி உருவிவிடும். சீட், பெல்ட் போல்ட்டுகள் அசல் தர எண் உள்ளவையாக இருக்கட்டும், கையேட்டில் உள்ள முறுக்கு அளவில் டார்க் ரெஞ்ச்சால் இறுக்குங்கள். பெல்ட்டின் பட்டை ஓரம் பிசிறியிருந்தால் பட்டையோடு முழு அமைப்பையும் மாற்ற வேண்டும். தைத்துப் போடும் வேலை இங்கே கிடையாது.

எல்லாம் முடிந்த வாரத்திலேயே பில்கள், முன்பின் படங்கள், பொருள் சான்றுகள், கெய்டனிலிருந்து வந்த சான்று எல்லாவற்றையும் ஒரே கோப்பாக்கிக் காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்பி, ஒப்புக்கொண்ட மதிப்பு என்ற வகைப் பாலிசிக்கு மாற்ற முடியுமா என்று கேளுங்கள். சாதாரணப் பாலிசியில் முப்பது வருட வண்டிக்குச் சந்தைத் தேய்மானக் கணக்குதான் போடுவார்கள், உள்ளே போட்ட தோலுக்கும் மரத்துக்கும் அதில் இடமில்லை. மதிப்பீட்டாளர் நேரில் வந்தால் கார்பெட் அடித் தரையின் படங்களை முதலில் காட்டுங்கள். சீட்டை அவரே பார்த்துக்கொள்வார்.